மல்லாட்டையில் எடை போட்ட கண்கள்

அன்றைக்குக் கண்ணாடி பாய் கடையில் நான் இருந்தேன். என் நைனா இருந்தார். அவலூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரவழைக்கப்பட்ட உரக்கடைக்காரர் ஒருவர் சாட்சியாக இருந்தார். ஒரு முறம் நிறைய வறுத்த வேர்க்கடலை இருந்தது. அம்மா வரவில்லை. "பெத்த புள்ள கண்ண தராசுல வெச்சி எட போடுவாங்களாம், அத நான் வேற வந்து பாக்கணுமா?" என்று சொல்லிவிட்டாள். கண் டாக்டரும் வரவில்லை. அவரை யாரும் கூப்பிடவில்லை.

கண்ணாடி விற்கிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். "இனிமேல் எனக்குக் கண்ணாடியே வேண்டாம், லேசர் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன்" என்று வந்து நின்ற வாடிக்கையாளனுக்காகத் தன் கடையிலேயே, தன் சொந்தக் கடலையில் பஞ்சாயத்து கூட்டிய ஒரே வியாபாரி எங்கள் செஞ்சி கண்ணாடி பாய்தான். இதை மறுப்பவர்கள் செஞ்சி கடைத்தெருப் பக்கமே வந்ததில்லை என்று அர்த்தம்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஆனால் அதை யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை. அவருடைய வீட்டம்மாவே ஒருமுறை கடைக்கு ஃபோன் செய்து, "கண்ணாடி பாய் இருக்காரா?" என்று கேட்டார். பாயும் கொஞ்சம்கூடத் தயங்காமல், "இருக்காரு, சொல்லு" என்றார்.

மூக்கின் மேல் எப்போதும் தடித்த பழுப்பு ஃபிரேம் போட்ட கண்ணாடி ஒன்று இருக்கும். பார்க்கிறவர்கள், பாவம், வியாபாரிக்கே பார்வைக் கோளாறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். திடீரென்று அவர் ஃபிரேமுக்குள் விரலை விட்டுக் கண்ணைக் கசக்குவார். அப்போதுதான் தெரியும், உள்ளே கண்ணாடியே கிடையாது, வெறும் கூடு. "எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குது. ஆனா கண்ணாடி இல்லாதவன் கண்ணாடி வித்தா எவன் நம்புவான்?" என்பார்.

அடுத்தவர் முகத்தில் கண்ணாடி கோணலாக இருந்தால் அவரால் தாங்க முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தூங்கினால், மெல்லக் கழற்றி, காதுக்கம்பியை வளைத்து, துடைத்து, திரும்ப மாட்டிவிடுவார். ஒருமுறை கூட்டு ரோட்டில் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் ஹெல்மெட் போடாததற்காக அவருடைய ஸ்கூட்டரை நிறுத்தினார். பாய் இறங்கினார். இன்ஸ்பெக்டர் முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்தார். கையை நீட்டி அவர் கண்ணாடியைக் கழற்றினார். பாய் பையிலிருந்து குட்டி ஸ்குரூ டிரைவரை எடுத்து ஒரு திருகு திருகி, மறுபடி மாட்டிவிட்டு, "இப்ப பாருங்க சார், ஃபைன் ரசீது நல்லா எழுத வரும்" என்றார். இன்ஸ்பெக்டர் எழுதினார். நல்ல தெளிவான கையெழுத்து.

இப்பேர்ப்பட்ட மனிதர் என் விஷயத்தில் ஒரு தப்பு செய்தார். செஞ்சிக்காரர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். செஞ்சியை அடுத்த எங்கள் சிங்கவரத்திலிருந்து நைனாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தேன். "பையன் புஸ்தகத்த மூக்குல ஒட்டிகினு படிக்கிறான் பாய், கண்ண கொஞ்சம் பாரேன்" என்றார் நைனா. அந்தக் காலத்தில் பாய் கடையில் எழுத்து அட்டையெல்லாம் கிடையாது. கடை வாசலில் ஆளை நிறுத்துவார், செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலையைக் காட்டுவார். "எதுக்குடா அட்ட? ராஜா காலத்து அட்ட அங்க நிக்குது பாரு" என்பார்.

"மேல இன்னா தெரியுது?"

"மண்டபம். மேல கூம்பா இருக்கும்."

"பக்கத்துல?"

"நெல்லு கொட்டி வெக்கிற களஞ்சியம். அப்பால கோயிலு. கோயில் பின்னால செவுரு. செவுத்துல ஒரு எடம் ஒடஞ்சிருக்கும்."

பாய் அசந்துபோய்விட்டார். "ஏழுமல, உம் புள்ளைக்கு கழுகுக் கண்ணு! ஒடஞ்ச செவுரு எனக்கே தெரியல!" என்றார். நைனா என்னைப் பெருமையோடு சைக்கிளில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அந்தச் சுவர் வழியாகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடு ஓட்டிக்கொண்டு போவோம் என்பதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. செஞ்சிப் பக்கம் பிறந்தவனிடம் மலையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் அவன் கண்ணை மூடிக்கொண்டே சொல்வான். எனக்கு உண்மையில் தெரிந்தது நீல நிறத்தில் ஒரு பெரிய மூட்டை. கழுகுக் கண்ணோடு அடுத்த இரண்டு வகுப்புகளைக் கரும்பலகை தெரியாமலேயே கடந்தேன். பிறகு பள்ளிக்கூடத்துக்கு வந்த கண் முகாமில்தான் குட்டு வெளிப்பட்டது.

நைனா அன்றைக்கே பாயிடம் சண்டைக்குப் போனார். மறுநாளே பாய் கடையில் எழுத்து அட்டை மாட்டினார். ஒரே மாதத்தில் எதிர்க்கடை டீ மாஸ்டர் அதைக் கடைசி வரிவரை பாட்டுப்போலச் சொல்ல ஆரம்பித்தார். பாய் அட்டைக்குச் சாமி சந்நிதியில் போடுகிற மாதிரி ஒரு திரை போட்டார். ஆள் உட்கார்ந்த பிறகுதான் திரை விலகும். அன்றிலிருந்து மனப்பாடம் என்றாலே அவருக்கு ஆகாது. என் கண்ணாடி உடைந்தால் மட்டும் மற்ற வேலையையெல்லாம் ஓரமாக வைத்துவிடுவார்.

நான் வளர்ந்தேன். பவரும் என்னோடு வளர்ந்தது. எங்கள் குடும்பத்தில் முதல்முதலாகப் படித்தவன் நான். டிப்ளமோ முடித்து, நிலம் அளக்கிற வேலைக்கு வந்தேன். வெயிலில் நின்று கருவிக்குள் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். வியர்வை வழியும், கண்ணாடி வழுக்கும். ஒருநாள் ஒரு கிணற்று மேட்டில் குனிந்தபோது மூக்கிலிருந்து கிளம்பிய கண்ணாடி நேராகத் தண்ணீருக்குள் போய்விட்டது. மிச்ச அளவை முடித்துவிடலாம் என்று குத்துமதிப்பாகப் பார்த்து எல்லைக்கல் இடம் சொன்னேன். நிலத்துக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், நீங்க காட்றது கல்லு நட்ற எடம் இல்ல. அங்க எங்க எரும படுத்துகினு இருக்குது."

அன்றைக்கு முடிவு செய்தேன், லேசர்தான் வழி. ஆனால் நான் வெளிச்சமாக நம்பியதை வீட்டில் எல்லாரும் நெருப்பாகப் பார்த்தார்கள். லேசர் என்றால் சுடும், சுட்டால் கருகும், அவ்வளவுதான் அம்மாவுக்குத் தெரிந்த விஞ்ஞானம். அடுத்ததாகப் பாயிடம் சொல்லப் போனேன். வியாபாரம் போகிறதே என்று கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ரொம்ப சந்தோசம்டா சர்வேயரு" என்றார். "ஆனா எட போட்டுப் பாத்துடணும். உங்க நைனாவ இட்டுகினு வா."

எடை போடுவது என்றால் நிஜமாகவே எடை போடுவது. அவருடைய அப்பா மல்லாட்டை வியாபாரி. எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். அந்தக் காலத்துத் தராசு கண்ணாடிக் கடையின் உத்தரத்தில் இன்னும் தொங்குகிறது. பாய் எந்தப் பெரிய விஷயத்தையும் அதில் போடாமல் முடிவு செய்ய மாட்டார். நல்லது ஒன்று சொன்னால் வலது தட்டில் கடலை, கெட்டது ஒன்று சொன்னால் இடது தட்டில் கடலை. சின்ன விஷயத்துக்கு நாலு பருப்பு, பெரிய விஷயத்துக்குக் கைப்பிடி. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும், ஸ்கூட்டர் வாங்கியதும் இந்தத் தராசு சொல்லித்தான்.

சாட்சியை முதலில் விசாரித்தார்கள். உரக்கடைக்காரர் போன வருஷம் லேசர் செய்துகொண்டவர். வாயைத் திறக்கும் முன் மூக்கின் மேல் இல்லாத கண்ணாடியை ஒருமுறை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

"காலைல எழுந்தா செவுத்துல இருக்குற பல்லி தெரியுது பாய். அதுவே பெரிய சந்தோசம்."

வலது தட்டில் ஒரு கைப்பிடி விழுந்தது.

"கெட்டது?" என்றார் நைனா.

"கண்ணு காஞ்சி போவும். கொஞ்ச நாளைக்கு சொட்டு மருந்து வுட்டுகினே இருக்கணும். ராத்திரில எதிர்ல வர்ற லாரி லைட்ட பாத்தா சுத்தி வட்டம் வட்டமா தெரியும். சாமி படத்துல தலைக்குப் பின்னால இருக்குமே, அந்த மாதிரி. மொதல்ல நான் எல்லா லாரிக்கும் கும்புடு போட்டேன். அப்புறம் கொறஞ்சிடுச்சி."

இடது தட்டில் எட்டுப் பருப்பு. லாரிக்காகக் கூடுதலாக இரண்டு.

நான் என் பக்கத்தைச் சொன்னேன். வியர்வை, கருவி, கிணறு. எருமையைச் சொல்லவில்லை. ஆனால் ஊருக்கே தெரிந்திருந்ததால் பாய் அதற்கும் சேர்த்து வலது பக்கம் போட்டார்.

"நாப்பது வயசுக்கு மேல படிக்கறதுக்கு எப்படியும் கண்ணாடி வேணும்னு டாக்டருங்களே சொல்றாங்க, தெரியுமில்ல?" என்றார் பாய்.

"அப்போ உங்க கடைக்கே வரேன் பாய்."

"அது நல்லதா கெட்டதா?" என்று கொஞ்சம் யோசித்தார். வெட்கத்தோடு இரண்டு பருப்பை வலது பக்கம் போட்டார்.

அப்போதுதான் நைனா எழுந்தார். முறத்தில் கையை விட்டு, உழவன் கை நிறைய அள்ளி இடது தட்டில் கொட்டினார்.

"எங்க வூட்ல படிச்சது இவன் ஒருத்தன்தான் பாய். பட்டா வந்தாலும் இவன்தான் படிக்கணும், ஆஸ்பத்திரி சீட்டு வந்தாலும் இவன்தான் படிக்கணும். பஸ்ஸு போர்டு பாக்கறதுக்கு இவன் அம்மாவுக்கு இவன் வேணும். எங்க மூணு பேருக்கும் சேத்து இருக்கறதே இந்த ஒரு ஜோடிக் கண்ணுதான். இப்ப கண்ணாடி போட்டாவது தெரியுதில்ல? ஏதாவது ஒண்ணு ஆயிப்போச்சின்னா?"

இடது தட்டு டங்கென்று மேசையில் உட்கார்ந்தது. உரக்கடைக்காரர் இல்லாத கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டார். எதிர்வாதம் என்று ஒரு பருப்புகூட என்னிடம் இல்லை.

பாய் ஆழ்ந்த யோசனையில் இருந்தார். யோசிக்கும்போது அவருடைய வாய் சும்மா இருக்காது என்பதை நாங்கள் யாரும் கணக்கில் வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இடது தட்டு மெதுவாக எழும்பியது. இன்னும் எழும்பியது. வலது தட்டு இறங்கியது.

"லேசர் பக்கம் சாயுதே!" என்றேன் நான்.

நைனா பாயின் கன்னத்தைப் பார்த்தார். "பாய்! நான் போட்ட பயத்த நீ துன்னுகினு இருக்கிற!"

பாய் திடுக்கிட்டு விழுங்கினார். மறுபடியும் முதலிலிருந்து எடை போட்டார்கள். இந்த முறை நியாயமாக இருக்க வேண்டும் என்று நாற்காலியை வலது பக்கம் போட்டு உட்கார்ந்தார். என்னுடைய நன்மைகள் ஒவ்வொன்றாக அவர் வாய்க்குள் போயின. எருமை போயிற்று, கிணறு போயிற்று. மூன்றாவது முறைக்கு முறத்தில் தோல்தான் மிச்சம்.

"சரி" என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார் பாய். "டாக்டரு மொதல்ல கண்ண அளந்து பாக்கட்டும். அவங்க பேசறத வெச்சி நான் சொல்றேன்."

பாண்டிச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரி. திண்டிவனத்தில் பஸ் மாறிப் போனோம். எல்லா அளவையும் எடுத்தார்கள். கருவிழி போதுமான கனமாக இருக்கிறதா, பவர் ஒரு வருஷமாக ஏறாமல் நிற்கிறதா, கண்ணீர் போதுமான அளவு சுரக்கிறதா என்று ஒவ்வொரு மெஷினாக உட்கார வைத்தார்கள். எழுத்து அட்டையை நான் படித்தபோது பாய் குறுக்கிட்டார்.

"மேடம், இது செல்லாது. இவன் வெளில உக்காந்துகினு இருந்தப்பவே கதவு சந்துல பாத்து மனப்பாடம் பண்ணியிருப்பான். அட்டைக்கு ஒரு திரை போடுங்க."

டாக்டர் இளம்பெண். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீங்க பையனுக்கு என்ன வேணும்?" என்றார்.

"கண்ணாடிக் கடை" என்றார் பாய்.

அந்தப் பதிலுக்குப் பிறகு டாக்டர் பாய்க்குத்தான் எல்லாவற்றையும் விளக்கினார். என் கண் இதற்குத் தோதாக இருக்கிறது. எனக்குச் செய்யப்போகிற முறையில் ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் மங்கலாகத்தான் தெரியும். தூசியில் போகக் கூடாது. கண்ணைக் கசக்கவே கூடாது. பாய் சட்டென்று ஃபிரேமுக்குள்ளிருந்த தன் விரலை வெளியே எடுத்தார்.

நைனா ஒன்றே ஒன்று கேட்டார். "ஒண்ணும் ஆவாதுன்னு நூத்துக்கு நூறு எழுதிக் குடுப்பீங்களாம்மா?"

"மாட்டேங்க" என்றார் டாக்டர். "பெரிய சிக்கல் வர்றது அபூர்வம். ஆனா வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். அப்படி யாராவது எழுதிக் குடுத்தா நம்பாதீங்க. இவருக்குக் கண்ணாடியே ஒத்துப்போகுதுன்னா இத செஞ்சிக்கவே வேணாம். யோசிச்சு வாங்க."

வெளியே வந்ததும் நைனா சோர்ந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்தார். பாயின் முகத்திலோ அப்படி ஒரு வெளிச்சம். "ஏழுமல, இவங்ககிட்ட பண்ணிக்கலாம்! கெட்டதையும் ஒளிக்காம எட போடுது பாரு அந்தப் பொண்ணு. அதுவும் ஒண்ணையும் துன்னாம!"

நைனா பெஞ்சிலிருந்து எழுந்து என் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டார். பிறகு, "பண்ணிக்கடா" என்றார்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மருந்து விட்டார்கள், ஒரு வெளிச்சப் புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள், முடி கருகுகிற மாதிரி ஒரு வாடை வந்தது, நான் அம்மாவின் விஞ்ஞானத்தை நினைத்துக்கொண்டேன், முடிந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். வெளியில் பாய் முதலில் செய்த காரியம், அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலேயே இரண்டு பக்கமும் பிடித்து நேராக்கியதுதான்.

அடுத்து வந்த நாட்களில் கண் உறுத்தியது, தண்ணீர் கொட்டியது, எல்லாம் பனிமூட்டம். டாக்டர் முன்பே சொன்னதுதான். ஆனால் சொன்னது வேறு, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வது வேறு. நைனா நேரம் தவறாமல் சொட்டு மருந்து விட்டார். தினமும் காலையில் சர்க்கரைப் பொட்டலம் சுற்றி வந்த பேப்பரைக் கொண்டுவந்து, "இதுல இன்னா போட்டிருக்குது, படி" என்பார். தெரியவில்லை என்றால் பேப்பரை மடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவார். பாய் தினமும் ஃபோன் செய்தார். "எப்படி இருக்குது?" என்று கேட்கப் பயந்துகொண்டு, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவார்.

மெல்ல மெல்லப் பனி விலகியது. மறு பரிசோதனையில் கடைசி வரிவரைக்கும் படித்தேன். டாக்டர் கை கொடுத்தார். நைனா ஆஸ்பத்திரி வாசலில் முகம் தெரியாத ஒருவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பாயிடம் சொன்னபோது மட்டும் அவர் முகம் மலரவில்லை.

"அதே அட்டதான?"

"ஆமா பாய்."

"உம்" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து, காலையில் பாயிடமிருந்து ஃபோன். மூச்சு புஸ் புஸ்ஸென்று வாங்கியது.

"டேய் சர்வேயரு... உங்க நைனாவோட... திருவண்ணாமல ரோட்டுக்கு வா. மலைய பாத்து நில்லு."

"நீங்க எங்க இருக்கீங்க பாய்?"

"மேல."

கோட்டைக்குக் கீழேயே பிறந்து வளர்ந்து, அறுபது வயதுவரை ஒருமுறைகூட அந்த மலையில் ஏறாதவர் பாய். கடைக்கு எதிரில் டீ குடிக்கப் போகவே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடப்பார். நானும் நைனாவும் பைக்கில் பறந்தோம். ரோட்டோரம் வண்டியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தேன். கூம்பு வைத்த மண்டபத்தின் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை.

"மலையில இன்னா இருக்குதுன்னு உனக்குத் தெரியும்" என்றார் ஃபோனில். "நான் பையில இன்னா எடுத்தாந்திருக்கிறேன்னு தெரியாதில்ல? இப்ப சொல்லு. இன்னா கலரு?"

வெள்ளைச் சட்டைக்கு முன்னால் ஒரு துணி விரிந்தது.

"பச்சை பாய். லுங்கி."

"கட்டம் போட்டது. கட்டம் தெரியுதா?"

நான் கண்ணை இடுக்கிப் பார்த்தேன். நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி.

"கட்டம் தெரியல பாய்."

மேலே பச்சைத் துணி மடிந்து இறங்கியது. பிறகு, "இதுல கட்டமே இல்லடா. சும்மா கேட்டேன்" என்றார். குரல் இளகியிருந்தது. "இரு, அடுத்தது மஞ்சள்... ச்சே, கலர வாய் வுட்டுட்டேன். எங்கடா அது? இங்கதான வெச்சேன்?"

வெள்ளைச் சட்டை குனிந்தது, நிமிர்ந்தது, தன்னைத் தானே ஒரு சுற்றுச் சுற்றியது. அதே நேரத்தில், இருபதடி தள்ளி, சிறுவயதில் நான் ஆடு ஓட்டிய உடைந்த சுவரின் மேல் ஒரு மஞ்சள் துணி தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே நாலு கால்.

"பாய், பின்னால திரும்புங்க! ஒடஞ்ச செவுத்து மேல! கொரங்கு! உங்க லுங்கிய இழுத்துகினு ஓடுது! இப்ப நின்னுடுச்சி, தலைமேல போட்டுக்குது!"

பாய் திரும்பினார். அவர் பார்த்துவிட்டார் என்று இங்கிருந்தே தெரிந்தது. குரங்கு இவரைப் பார்க்க, இவர் குரங்கைப் பார்க்க, லுங்கியைத் துரத்தாமல் அப்படியே நின்றார்.

"ஏழுமல" என்றது ஃபோன். என்னிடமிருந்து வாங்கி நைனா காதில் வைத்துக்கொண்டார். "ஏழுமல, இது மனப்பாடம் இல்ல. நம்ம புள்ளைக்கு நெஜமாவே தெரியுதுப்பா."

அவர் இறங்கி வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார். கடைசிப் படியில் நைனா அவரைத் தாங்கிப் பிடித்தார். இத்தனை வருஷத்தில் எங்களிடம் வாய்விட்டு எதுவும் கேட்டிராத மனிதர், ஃபிரேமுக்குள் விரலை விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையை நீட்டிக் கேட்டார்:

"லுங்கி போனா போவுது. கோட்டைக்கு டிக்கெட் போட்டுட்டான்யா, அந்தக் காச எடு."

நைனா இரண்டு கையாலும் கொடுத்தார். இருபத்தைந்து ரூபாய்.